தமிழ் என்றால் ஒன்பது வாரம்

புக்கிட் பாத்தோக். எந்த புளோக் என்று சொல்லமாட்டேன்.
பதினாறாவது மாடிக்கும் மேலே
மின்தூக்கி மோட்டார் அறையில் உட்கார்ந்து
எண்களை அழுத்துகிறேன்.
சாப்பாட்டு நேரம். பொட்டலம் பிரிக்கவில்லை.
இங்கே யாரும் வரமாட்டார்கள்,
சாவி என்னிடம்தான்.

பாலிகிளினிக் டாக்டர் தந்த கடிதம்
பர்ஸில் ஐந்து வாரம் மடிந்து கிடந்ததில்
என் பெயர் மடிப்பில் கிழிந்துவிட்டது.
தவசீ ஒரு பக்கம், லன் மறுபக்கம்.
இதயம் நன்றாக இருக்கிறதாம்.
ஈசிஜி தாளை நானும் பார்த்தேன்:
ஏறுகிறது, இறங்குகிறது,
நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது.
பிறகு ஏன் டாக்டர்
ராத்திரி மூன்று மணிக்கு
யாரோ நெஞ்சுக்குள் அலாரம் பொத்தானை
விடாமல் அழுத்துகிறார்கள்?

காத்திருப்பு இசை. ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து.
பிறகு ஒரு பெண்குரல், பெயர் நூரைனி.
கேட்க வேண்டியதையெல்லாம்
பராமரிப்பு அட்டையின் பின்பக்கம்
எழுதி வைத்திருந்தேன்.

முதல் தடவைக்கு எவ்வளவு?
அடுத்த தடவைகளுக்கு?
எத்தனை தடவை என்று யார் முடிவு செய்வது?
கடிதத்தோடு வந்தால் மானிய விலை.
கடிதம் இல்லாமல் வந்தால்,
அந்தத் தொகையை அவள் சொல்லி முடிக்குமுன்
மகளின் கணக்கு டியூஷன்
குறுக்கே வந்து நின்றுகொண்டது.
மெடிசேவ்?
'முதலில் டாக்டர் பார்க்கட்டும்,
என்ன நோய் என்று எழுதட்டும்.
பட்டியலில் இருந்தால் கொஞ்சம் எடுக்கலாம்.'
ஆக, பெயர் வைத்தால்தான் காசு.
சரி.

விடுப்புச் சீட்டில் என்ன போடுவீர்கள்?
'கிளினிக் பெயர் மட்டும்.'
அந்தப் பெயர்தானே அம்மா விஷயமே.
உயரத்தில் வேலை பார்க்க இவன் சரிப்படுவானா என்று
மேலாளர் லிம் யோசிப்பார்.
நல்ல மனிதர். அதனால் கட்டாயம் யோசிப்பார்.
இதை நூரைனியிடம் சொல்லவில்லை.
சாயங்காலம் உண்டா என்று மட்டும் கேட்டேன்.
புதன்கிழமை, ஏழு மணி வரை.

'எந்த மொழியில் பேச விருப்பம்?'
அட்டையில் இந்தக் கேள்வி இல்லை.
'ஆங்கிலம் என்றால் மூன்று வாரம்.
தமிழுக்கு ஒருவர்தான். ஒன்பது வாரம்.'

ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்தவை:
கேபிள் தேய்மானம், பிரேக், கதவு சென்சார்.
சிக்கிக்கொண்டவர்களிடம் இண்டர்காமில்
ஸ்டே காம் ஆன்ட்டி, டோன்ட் ஃபோர்ஸ் த டோர், ஐ கமிங்.
பத்தொன்பது வருடமாகச் சொல்கிறேன்,
எல்லோரும் காத்திருந்திருக்கிறார்கள்.
ஆனால் 'மனசு கெடந்து அடிச்சுக்குது' என்பதை?
'என்னவோ மாதிரி இருக்கு' என்பதில்
அந்த என்னவோவை?
ஸ்ட்ரெஸ் என்பேன். அவர் எழுதிக்கொள்வார்.
அந்த ஒரு சொல்லுக்கு நான் பணமும் கட்டுவேன்.

இரண்டு வரிசையிலும் நிற்கலாமா?
முடியாதாம்.

கீழே யாரோ பொத்தானை அழுத்த
என் முழங்கைக்குப் பக்கத்தில் சக்கரம் சுற்றத் தொடங்கியது.
கயிறு ஓடுகிறது. நாலு, ஐந்து.
யாரோ மீன் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.
நூரைனி காத்திருந்தாள்.
இண்டர்காமில் நான் காத்திருப்பது மாதிரி,
மூச்சு மட்டும் கேட்கும்படி.

மூன்று வாரம், என்றேன்.
பிறகு, வேண்டாம், ஒன்பது.
பிறகு, ஒன்பது வாரம் வரைக்கும் நான்

கீபோர்டு சத்தம் நின்றது.
'மூன்றில் போடுகிறேன்.
வந்து பாருங்கள், சரிப்படாவிட்டால் மாற்றிக் கேளுங்கள்.
அதற்குள் ராத்திரி தாங்க முடியாமல் போனால்
இந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.'
எழுதிக்கொண்டேன். க்ரீஸ் பட்டு
ஐந்து ஆறு மாதிரி ஆகிவிட்டது. திருத்தினேன்.

வேறு ஏதாவது?
எத்தனையாவது மாடி?
'மூன்று. லிஃப்ட் இருக்கிறது.'
எந்தக் கம்பெனி லிஃப்ட்?
சிரித்தாள். பார்த்துச் சொல்கிறேன் என்று
உண்மையிலேயே எழுந்து போய்விட்டாள்.

மறுபடியும் அந்த இசை.
பொட்டலத்தின் ரப்பரை உருவினேன்.
சோறு ஆறிப்போயிருந்தது.